விடுமுறைப் பயணத்தில் நோயும் காயமும் அண்டாமல் இருக்க

விடுமுறைக்குப் புறப்படுகிறவரின் பெட்டியைத் திறந்து பார்த்தால், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது தெரிந்துவிடும். வயிற்றுப்போக்குக்கு மூன்று வகை மாத்திரை, கை கழுவும் திரவம், கொசு விரட்டி எல்லாம் இருக்கும்; காலில் கொப்புளம் வந்தால் ஒட்டுவதற்குப் பிளாஸ்திரியோ, இருட்டில் படியிறங்க ஒரு சிறு டார்ச்சோ இருக்காது. வயிற்றைப் பற்றிய கவலை நியாயமானதுதான், ஏனெனில் பயணிகளுக்கு மிக அதிகமாக வரும் உபாதை அதுவே. ஆனால் அது பெரும்பாலும் சில நாட்களைக் கெடுத்துவிட்டுப் போய்விடும். பயணத்தில் நேரும் இறப்புகளை எடுத்துப் பார்த்தால், ஏற்கெனவே இருந்த இதய நோய்க்கு அடுத்தபடியாக நிற்பவை விபத்துகள். அவற்றிலும் சாலை விபத்தும் நீரில் மூழ்குவதும் முன்னிற்கின்றன. தொற்றுநோய்களின் பங்கு மிகச் சிறியது. ஆகவே இந்தக் கட்டுரையில் சாலைக்கும் நீருக்கும் காலுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விடுமுறையில் அடிபடுகிறவர்கள் எல்லாரும் துணிச்சல்காரர்கள் அல்லர். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த உடலிடம், முதல் நாளிலேயே காலை முதல் இரவு வரை நடக்கவும், கனமான பெட்டியைத் தூக்கவும், பழக்கமில்லாத வண்டியை ஓட்டவும், அதையெல்லாம் அரைத் தூக்கத்தோடு செய்யவும் கேட்கிறோம். செலவழித்து வந்துவிட்டோம், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. முதல் இரண்டு நாட்களின் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது, பெட்டியில் எடுத்துச்செல்லும் எந்த மருந்தையும்விட நல்ல தற்காப்பு என்பது என் கருத்து.

புறப்படுவதற்கு முன்

மருத்துவரைப் பார்ப்பதானால், புறப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. சில தடுப்பூசிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தவணை உண்டு. போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாகவும் நாட்கள் ஆகும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், எடுத்துக்காட்டாக, ஊசி போட்டு 10 நாட்கள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று ஆக்கப்பட்டுவிட்டதால், முன்பே ஊசி போட்டுக்கொண்டவர்கள் பழைய சான்றிதழைத் தேடி எடுத்தாலே போதும்.

நாள்தோறும் சாப்பிடும் மருந்துகளை, தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து, அவற்றின் சொந்த அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி தொலைந்தால் துணியை வாங்கிக்கொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையை அப்படி வாங்குவது எளிதல்ல. இன்சுலினை விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, அங்கே அது உறைந்து கெட்டுவிடக்கூடும். நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டுக்குப் போகிறவர், இன்சுலின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகளின் வணிகப் பெயரோடு அவற்றின் மூலப்பெயரையும் குறித்து வைத்திருப்பது அவசியம், ஏனெனில் வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். மூலப்பெயரிலும் சில மாறுதல்கள் உண்டு. பாராசிட்டமால் சில நாடுகளில் அசிட்டமினோஃபென் என்ற பெயரில் விற்கப்படுகிறது. இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். வலுவான வலி நிவாரணிகளும் தூக்க மாத்திரைகளும் சில நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை என்பதால், அவற்றை எடுத்துச்செல்பவர்கள் அந்நாட்டு விதியை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள் எத்தனை தொகை கிடைக்கும் என்பதைப் பார்ப்பதைவிட, எதற்குக் கிடைக்காது என்ற பகுதியைப் படிப்பது பயன் தரும். உரிய உரிமம் இல்லாமல் ஓட்டிய ஸ்கூட்டர், மது அருந்திய பின் நேர்ந்த விபத்து, ஆழ்கடல் நீச்சல், குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட மலையேற்றம் ஆகியவை பல காப்பீடுகளில் விலக்கப்பட்டிருக்கும். நோயாளியை வேறு ஊருக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுவரும் செலவு காப்பீட்டில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சைச் செலவையே மிஞ்சக்கூடியது அது.

நிறைய நடக்கப்போகிற பயணம் என்றால், ஒரு மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். பயணத்தில் அணியப்போகும் அதே காலணியோடும், தோளில் மாட்டப்போகும் அதே பையோடும் நடப்பதே உண்மையான பயிற்சி. படி ஏறுவதோடு படி இறங்கவும் பழக வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏறுவதுதான் கடினம் என்று எண்ணுகிறோம். ஆனால் இறங்கும்போதுதான் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் எழும்பவே முடியாமல் செய்யும் தசைவலி பெரும்பாலும் அந்த இறக்கத்தில் வந்தது.

வண்டியிலும் விமானத்திலும்

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செல்லும் பயணம், கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இது விமானத்துக்கு மட்டும் உரியதன்று. பேருந்து, ரயில், கார் எதிலும் நேரலாம். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஒரு நீண்ட பயணத்தால் இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6,000-இல் ஒன்றுதான் என்பதால் அவர் அஞ்ச வேண்டியதில்லை: அவ்வப்போது எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்திக் கெண்டைக்கால் தசையை இயக்குவதும் அவருக்குப் போதும். முன்பு இரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோர் இறுக்கும் காலுறையோ மருந்தோ தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால், அல்லது திடீரென மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் வந்தால், காத்திருக்கக் கூடாது.

வாந்தி வரும் இயல்புள்ளவர்கள் காரிலும் பேருந்திலும் முன்னிருக்கையையும், கப்பலில் நடுப்பகுதியையும், விமானத்தில் இறக்கையருகே உள்ள இருக்கையையும் தேர்ந்தெடுத்து, தொலைவில் அசையாதிருக்கும் ஒன்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வாந்தி மாத்திரை, குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பெரும்பாலும் பயன்படாது. புறப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். அது தூக்கம் தரக்கூடியது என்பதால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆகாது.

பெட்டியைத் தூக்குவதில் வரும் முதுகுப் பிடிப்பு பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் விடுமுறை தொடங்கும் முன்பே அதைக் கெடுத்துவிடும் வல்லமை அதற்கு உண்டு. ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு சிறிய பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வது, பெட்டியை உடலோடு ஒட்டி வைத்து முழங்காலை மடக்கித் தூக்குவது, தலைக்கு மேல் உள்ள அடுக்கில் வைக்கும்போது முதலில் இருக்கையின் கைப்பிடியில் ஏற்றிப் பிறகு மேலே தள்ளுவது ஆகிய மூன்றும் போதும். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருப்பக் கூடாது. திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

நேர வித்தியாசத்தால் வரும் தூக்கக் கோளாறு தீர, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிழக்கு நோக்கிச் செல்லும்போது அது கூடுதலாகத் தொந்தரவு செய்யும். சென்ற ஊரின் பகல் வெளிச்சத்தில் நேரம் கழிப்பதே சிறந்த மருந்து. அந்த நாட்களில் வண்டி ஓட்டாமல் இருப்பது பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

சாலை

உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை கூறுகிறது. தன் ஊரில் தலைக்கவசம் இல்லாமல் தெருமுனைக்கும் போகாத ஒருவர், விடுமுறையில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வாடகை ஸ்கூட்டரில் மலைப்பாதையில் இறங்குவதை எந்தச் சுற்றுலாத் தலத்திலும் காணலாம். காற்று, வெளிச்சம், கவலையற்ற மனநிலை எல்லாம் சேர்ந்து, விதிகளும் விடுமுறையில் இருக்கின்றன என்ற மயக்கத்தைத் தருகின்றன.

ஸ்கூட்டர் ஓட்டி நெடுநாள் பழக்கம் இல்லாதவர்கள், அதைக் கற்றுக்கொள்ள விடுமுறை ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை நான் எந்தச் சலுகையும் இன்றிச் சொல்வேன். பழக்கம் உள்ளவர்களும், வண்டியை எடுக்கும் முன் இரண்டு பிரேக்குகளையும், டயரின் தேய்மானத்தையும், முன் பின் விளக்குகளையும் சோதித்து, நிறுத்துமிடத்திலேயே சில முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். தலைக்கவசம் இறக்கும் அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. ஆனால் தாடைக்குக் கீழே வார் மாட்டப்படாத கவசம் விழும்போதே கழன்று போய்விடும். வாடகைக் கடையில் கிடைக்கும் கவசம் தலையில் ஆடினால் வேறு கேட்க வேண்டும், இல்லையென்றால் வேறு கடைக்குப் போக வேண்டும். முழங்காலை மறைக்கும் கால்சட்டையும் மூடிய காலணியும் தோல் உரிவதைத் தடுக்கும். சூடான புகைக்குழாயில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்வது ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அடிக்கடி நேர்வது. குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக இறங்கினால் போதும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டியோ பற்பசையோ கூடாது.

சொந்த நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறவர் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போனால், காரில் இருக்கும்போதைவிட நடந்து போகும்போதுதான் முதலில் தடுமாறுவார். சாலையைக் கடக்கக் காலெடுத்து வைக்கும் முன் கண் தானாகவே பழக்கப்பட்ட பக்கத்தைப் பார்க்கும், வண்டியோ மறுபக்கத்திலிருந்து வரும். எந்த நாடாக இருந்தாலும் இரு பக்கமும் இரண்டு முறை பார்ப்பது என்ற விதியை விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது. கார் ஓட்டுகிறவர்களுக்கோ, ஆளற்ற சாலையில் திரும்பும்போதும் பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும்தான் ஆபத்து. பார்த்துப் பின்தொடர வேறு வண்டி இல்லாத நேரத்தில் பழைய பழக்கம் மேலோங்கும்.

தூக்கத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்பதை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. விடியற்காலையில் எழுந்து, நாளெல்லாம் பறந்து, இரவில் இறங்கி, உடனே வாடகைக் காரை எடுத்து மூன்று மணி நேரம் ஓட்டுகிறவர் அந்த அளவைத் தாண்டியவர். அன்றிரவு விமான நிலையத்தருகே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புவதற்கு ஆகும் செலவு வீண் அல்ல. பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்த வேண்டும். கண் சொக்கினால் பாட்டையும் குளிர்காற்றையும் நம்பாமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்க வேண்டும்.

வாடகைக் காரில் பின்னிருக்கைக்கும் பெல்ட் உண்டா என்று ஏறும் முன் பார்க்கலாம். குழந்தைக்கு இருக்கை வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும். ஓட்டுநர் போனைப் பார்த்தபடி ஓட்டினாலோ அதிவேகமாகப் போனாலோ, முகம் கோணாமல் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடும் உரிமை பயணிக்கு உண்டு. பலரும் கூச்சத்தால் அதைப் பயன்படுத்துவதில்லை.

நீர்

கடலில் மூழ்குகிறவர்களில் பலர் நீந்தத் தெரிந்தவர்கள். கடற்கரையில் உடைந்த அலைகளின் நீர் மீண்டும் ஆழத்துக்குத் திரும்பும்போது, சில இடங்களில் குறுகிய ஓடைபோல் வேகமாக வெளியே இழுத்துச்செல்லும். அலைகள் நுரைத்து உடையும் பரப்பின் நடுவே, நுரையில்லாமல் அமைதியாகவும் சற்றே கருத்தும் தெரியும் பட்டையாக அது காணப்படும். அமைதியாக இருக்கிறதே என்று குளிக்க அந்த இடத்தையே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இழுப்பு சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகக்கூடியது, சிறந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாத வேகம் அது. ஆனால் அது ஆளை நீருக்கு அடியில் இழுப்பதில்லை, வெளியே மட்டுமே கொண்டுபோகும். சிக்கியவர் இறப்பது, கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துப் போவதால். செய்ய வேண்டியது, மிதந்து மூச்சைக் காத்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்பது; இயன்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அலையோடு கரை திரும்புவது.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வதைவிட எளிய வழி, உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் மட்டும் இறங்குவது. மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி காவலில் உள்ளது என்று பொருள். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கக் கூடாது. கொடியே இல்லாத கடற்கரையில், அங்கேயே வாழும் மீனவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

குழந்தைகள் மூழ்கும்போது கத்துவதோ கையை அடித்துக்கொள்வதோ பெரும்பாலும் நிகழ்வதில்லை. வாய் நீருக்கு அடியில் இருக்கும்போது குரல் எழும்பாது. விடுதி நீச்சல் குளத்தருகே நான்கு பெரியவர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதால், உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே இந்த அரை மணி நேரம் நான் பார்க்கிறேன், அடுத்தது நீ என்று வாய்விட்டுச் சொல்லி முறை வைத்துக்கொள்ள வேண்டும். முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது. சிறு குழந்தை என்றால் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகளும் வளையங்களும் விளையாட்டுப் பொருட்களே, உயிர்காப்புக் கருவிகள் அல்ல.

ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பை முறித்து வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடத்தக்கூடியது. ஆற்றிலும் அருவிக்குளத்திலும் நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று அப்படி இருக்க வேண்டியதில்லை. முதலில் காலை ஊன்றித்தான் இறங்க வேண்டும். மது அருந்தியவர் நீருக்கு அருகிலேயே போகக் கூடாது. மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் இறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. முதலில் மிதக்கும் ஏதாவதொன்றையோ கயிற்றையோ எறிந்துவிட்டு, ஆள் கூப்பிட வேண்டும். ஆழ்கடலில் காற்றுக்குடுவையோடு இறங்கியவர்கள், ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரமும், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் கழியும் முன் விமானம் ஏறக் கூடாது. கடைசி நாள் திட்டத்தில் இதற்கு இடம் விட வேண்டும்.

படம் எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2011 முதல் 2017 வரை தற்படம் எடுக்கும்போது உலகெங்கும் 259 பேர் இறந்ததாகச் செய்திகளைத் தொகுத்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் முதலிடம் நீரில் மூழ்கியதற்கே. பாறை விளிம்பில் நின்று பின்னால் ஓரடி வைப்பதும், அலைக்கு முதுகைக் காட்டி நிற்பதும் கூடாது.

கால்கள்

புதுக் காலணியோடு விடுமுறைக்குக் கிளம்புவதைப் போன்ற வீண் வேதனை வேறில்லை. கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் அந்த இடத்தில் சூடும் உறுத்தலும் தெரியும். அந்த நொடியில் நின்று, காலணியைக் கழற்றி, உலர்ந்த தோலில் வழவழப்பான மருத்துவ டேப்பையோ பிளாஸ்திரியையோ ஒட்டினால் கொப்புளமே வராது. அடுத்த இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் அரை மணி நேரம் நடப்பவர், அடுத்த நான்கு நாட்களை நொண்டியே கழிப்பார். ஈரமான காலுறை உராய்வைக் கூட்டும் என்பதால் மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்க வேண்டும். வந்துவிட்ட கொப்புளத்தின் மேல்தோலை உரிக்கக் கூடாது. அது இயற்கை போட்ட கட்டு. நீரிழிவு உள்ளவர்கள் இரவுதோறும் பாதங்களின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும், அவர்களுக்கு உறுத்தலே தெரியாமல் புண் உண்டாகலாம்.

கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் மாலையில், களைத்த காலோடு, கண் வேறெங்கோ இருக்கும்போது நேர்கிறது. பிசகினால் அன்று நடப்பதை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, மீள்தன்மையுள்ள கட்டு கட்டி, படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். நான்கு அடிகள்கூட எடை ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டியை அழுத்தும்போது எலும்பில் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

தங்கும் அறையும் ஒரு புது நிலப்பரப்புதான். குளியலறைத் தரை நனைந்தால் எப்படி வழுக்குகிறது, வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கிறதா, இரவில் விளக்கு பொத்தான் எங்கே என்பவற்றை வந்த உடனே பார்த்துவிடுவது, முதியவர்கள் உள்ள குடும்பத்துக்குக் கட்டாயம். அவசர வழி அறையிலிருந்து எத்தனையாவது கதவு என்றும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். புகை சூழ்ந்தால் கண்ணால் தேட முடியாது. குழந்தைகள் இருந்தால் பால்கனிக் கம்பியருகே நாற்காலி போடக் கூடாது.

வெயிலும் உயரமும்

வெப்பமான ஊருக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். பெரும்பாலான விடுமுறைகள் அதற்குள் முடிந்துவிடும். எனவே நண்பகலில் நிழலில் இருப்பதே திட்டமாக இருக்க வேண்டும். சூரியக் காப்புக் களிம்பு எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து எழுந்த பின்னும் மீண்டும் பூசினால்தான் பயன்படும். மலையில் குளிராக இருந்தாலும் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது, புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கிறது. வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறி, நிலை தடுமாறி, உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடலெங்கும் நீரூற்றி விசிற வேண்டும்.

உயரத்தில் வரும் நோய்க்கு இளமையும் உடற்பயிற்சியும் தடையல்ல. வேகமாக ஏறும் இளைஞர்களே அதில் அதிகம் மாட்டுகிறார்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தோன்றலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஏறாமலும் இருக்க வேண்டும். தலைவலி உள்ளவர் அது தீரும்வரை மேலே போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிரைப் பறிக்கலாம்.

வயிறு

உணவைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது போதும்: கண்ணெதிரே சூடாக இறக்கியது, தானே உரித்த பழம், மூடி உடைக்கப்படாத புட்டி நீர். ஐயமுள்ள நீரை, அது கொதித்துக் குமிழ் எழுந்த பிறகு ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமும் கொதிக்க வைத்தால் குடிக்கலாம். பனிக்கட்டியும் நீர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுவது எந்த உணவு விதியையும்விட முக்கியம்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தட்டிச் சமமாக்கிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. போக்கை நிறுத்தும் லோப்பெரமைடு மாத்திரை நீண்ட பேருந்துப் பயணத்துக்கு உதவும். ஆனால் மலத்தில் இரத்தம் கண்டாலோ காய்ச்சல் இருந்தாலோ அதைத் தொடக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

கொசுவும் விலங்கும்

டெங்குவைப் பரப்பும் கொசு பகலிலும், மலேரியாவைப் பரப்பும் கொசு மாலை முதல் விடியும் வரையிலும் கடிக்கிறது என்பதால், இரவில் மட்டும் கவனமாக இருப்பது பாதிப் பாதுகாப்பே. டீட் என்ற கொசு விரட்டும் வேதிப்பொருள் 20 சதவீதத்துக்குக் குறையாத விரட்டியைத் தேர்ந்தெடுத்து, சூரியக் காப்புக் களிம்பைப் பூசி அது உலர்ந்த பின் அதன் மேல் பூச வேண்டும்.

தெருநாயையும் குரங்கையும் தொடவோ ஊட்டவோ கூடாது. கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது, அறிகுறி தோன்றிவிட்டால் அந்நோயில் பிழைப்பது மிக மிக அரிது. முன்பே தடுப்பூசி போட்டவருக்கும் கடித்த பின் ஊசி தேவை. தவணைகள் மட்டும் குறையும்.

திரும்பி வந்த பிறகு

மலேரியா இருக்கும் பகுதிக்குப் போய் வந்தவருக்கு, கொசு கடித்து ஒரு வாரம் ஆனது முதல் ஓராண்டு வரை எப்போது காய்ச்சல் வந்தாலும், முன்னெச்சரிக்கை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அது மலேரியாவாக இருக்கலாம் என்றே கருத வேண்டும். மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், எந்த நாட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்; ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. முதல் இரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லையென்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் ஒரு முறை பரிசோதிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.